க்யூ அக்கா திறந்துவிட்ட வாசல்

கணினி மையத்தில் எல்லோருக்கும் அவர் க்யூ அக்கா. இயக்குநர்கூட, நேரில் பார்க்கும்போது மட்டும்தான் 'மேடம்' என்பார். ஐம்பத்தொரு வயது, கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, அதட்டாமலே ஆளை அடக்கிவிடுகிற பார்வை. அந்தப் பார்வை கணினிப் படிப்பில் வந்ததில்லை. இளவயதில் நான்கு வருடம் பேருந்து நிலையத்து முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து சம்பாதித்தது. "அவசரம்மா" என்று பக்கவாட்டில் கை நீட்டியவர்கள் ஒருவருக்கும் அவர் மசிந்ததில்லை. அந்த வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் கணினி படித்தார். இந்த மையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் சூப்பர் கம்ப்யூட்டரே அவர் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது.

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் மிரள வேண்டாம். இருநூறு கணினிகளை அலமாரி அலமாரியாக அடுக்கி, எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் போட வைத்தால் அதுதான். அறைக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் போனால் பல் கிட்டிக்கும். யாருடைய கணக்கு முதலில் ஓடும், யாருடையது காத்திருக்கும் என்று அந்த க்யூவைப் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. அதற்கு விதிகளை எழுதியவர் அக்கா. முதல் விதி, ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் ஆறு கணக்குக்கு மேல் ஓடக்கூடாது. பெரிய பெரிய பேராசிரியர்கள் வந்து குழைந்தும் பார்த்தார்கள், குதித்தும் பார்த்தார்கள். விதி இம்மி அசையவில்லை. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்றே சொல்லிவிடலாம்.

அந்தத் தலைக்கனத்தில் முதல் கீறல் போட்டவள் அவருடைய நாத்தனார். சின்ன ஊரொன்றின் சின்னக் கல்லூரியில் ஆசிரியை. நிலத்தடி நீரில் உப்பு எந்தப் பக்கம் பரவுகிறது, புதுக் கிணற்றை எங்கே தோண்டினால் ஊருக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பதுதான் அவள் கணக்கு. கல்லூரியிலிருந்த ஓட்டைக் கணினியில் அதைப் போட்டால் பதினோரு நாள் ஆகும். ஒன்பதாம் நாள் மின்சாரம் போனது. மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஏழாம் நாள் போனது. போனில் கிட்டத்தட்ட அழுதுவிட்டாள்.

"உங்க மெஷின்ல ஒரு தடவை ஓட்டிக் குடுங்களேன் அண்ணி."

"வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதும்மா. விதி."

"நான் வெளியாளா அண்ணி?"

அன்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனார் கேட்டதற்காக மட்டுமில்லை. இப்படி எத்தனை கல்லூரிகளில் எத்தனை பேர் ஓட்டைக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. விதியை மீறுகிற ஜாதி இல்லை அவர். எனவே வாசலையே வேறு மாதிரி கட்ட முடிவு செய்தார். ஒரு வலைப்பக்கம், அதில் விவரங்களை நிரப்பி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கணக்கு இங்கே ஓடி, விடை அங்கே போய்ச் சேரும். கட்டளைகள் தெரிய வேண்டாம், இங்கே யாரையும் தெரிந்திருக்கவும் வேண்டாம். அதற்கென எண்பது கணினிகளைப் பிரித்துக் கொடுத்தார். பக்கத்தைச் செய்து கொடுத்தவர் பக்கத்து மேசைக்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற மனிதர், ஆனால் வேலையில் புலி.

நிர்வாகக் குழு ஒரே ஒரு நாள் கொடுத்தது. அறுபது கல்லூரிகளிலிருந்து அறுபது பேர், ஆளுக்கு ஒரு கணக்கு, காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. அறுபது விடையும் போய்ச் சேர்ந்தால் வாசல் நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் எண்பது கணினிகளும் பழையபடி உள்ளூர்த் துறைகளுக்கே போய்விடும்.

ஒரு கணக்குக்கு நான்கு கணினி, ஒரு மணி நேரம். ஒரே சமயத்தில் இருபது பேர் ஓட்டலாம். அக்கா விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார், மூன்று மணி நேரத்தில் கதை முடிந்துவிடும் என்று.

பத்து மணிக்குத் திறந்தார்கள். பத்தே காலுக்கு அக்கா திரையைப் பார்த்தார். ஓடுவது ஆறே ஆறு கணக்கு. ஐம்பத்தாறு கணினிகள் சும்மா கிடக்கின்றன, வெளியே கூட்டம் நிற்கிறது.

"வலைப்பக்கம் பழுதா?" என்று இயக்குநர் பதறினார். பக்கத்து மேசைக்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

அக்கா காத்திருக்கும் கணக்கு ஒன்றைத் திறந்து காரணத்தைப் படித்தார். 'ஒருவருக்கான வரம்பு முடிந்தது.' கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

வலைப்பக்கத்தின் வழியாக வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே பெயரில் உள்ளே அனுப்பும்படி ஏற்பாடு செய்தவர் அவரேதான். ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று சின்ன ஊர்க்காரர்களை அலைக்கழிக்க வேண்டாமே என்கிற நல்லெண்ணம். வரிசை பார்க்கும் மென்பொருளுக்கு என்ன தெரியும்? அறுபது பேரையும் ஒரே பேராசைக்காரன் என்று நினைத்து, அக்கா சொல்லிக் கொடுத்தபடியே ஆறோடு நிறுத்திவிட்டது. அதைவிட வேடிக்கை, ஓடுகிற ஆறும் ஒரே கல்லூரியிலிருந்து வந்தவை. எந்தக் கல்லூரி என்று பார்த்ததும் போனை எடுத்தார்.

"எத்தனை தடவைடி அமுக்கினே?"

"எங்கே ஏதும் நடக்கற மாதிரியே தெரியலை அண்ணி... ஒரு இருபத்துமூணு தடவை."

"பொத்தானா அது, அழைப்பு மணியா? உனக்கு ஒண்ணு போதாதா?"

அக்கா போட்ட சத்தத்தில் பயந்துபோன நாத்தனார், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அழிப்பதற்குப் பதிலாக இருபத்துமூன்றையும் அழித்துவிட்டாள். பிறகு புதிதாக ஒன்று போட்டாள். வரிசையின் கடைசியில், அறுபதாவதாகப் போய் நின்றது.

"வரம்பையே தூக்கிடுங்க மேடம், மணி பத்தரை ஆச்சு!" என்றார் இயக்குநர்.

"தூக்கினா இதே மாதிரி இன்னொருத்தர் அமுக்கினா மத்தவங்க கதி என்ன சார்? விதி தப்பில்ல. ஆளை அடையாளம் தெரியாம வச்சது என் தப்பு."

ஆறு ஆறாகப் போனால் நாலு மணிக்குள் பாதிப் பேர்தான் தேறுவார்கள். இருந்தும் அக்கா நேராகப் பெரிய கணினியில் கை வைக்கவில்லை. அதில் ஒரு பேராசிரியரின் கணக்கு பத்தொன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மாற்றம் பிசகினால் அந்த மனுஷன் பாவம். எதையும் ஓரத்திலிருந்த இரண்டு பழைய கணினிகளில் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே கொண்டுபோவார். முதல் தடவை சொதப்பியது. இரண்டாவது தடவையும் சொதப்பியது. இயக்குநர் நடந்து நடந்து தரையைத் தேய்த்தார். பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொரு கணக்கோடும் அனுப்பியவரின் பெயரைக் கட்டி அனுப்ப, அந்தப் பெயரைப் பார்த்து எண்ணும்படி அக்கா விதியைத் திருத்தினார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மாற்றத்தைப் பெரிய கணினியில் ஏற்றினார். ஒரு நொடி திரை அப்படியே நின்றது. பிறகு பதினான்கு கணக்குகள் ஒரே மூச்சில் உள்ளே போயின. பேராசிரியரின் கணக்குக்கு ஒரு சிராய்ப்பு இல்லை.

"அப்பாடா" என்றார் பக்கத்து மேசைக்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

இரண்டரை மணிக்கு முப்பத்தெட்டு விடை. மூன்றரைக்கு ஐம்பத்தெட்டு. பாக்கி இரண்டு, அதில் ஒன்று நாத்தனாருடையது. இரண்டு ஐம்பதுக்குத்தான் அவளுக்கு இடமே கிடைத்தது. நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது, அறையிலிருந்தவர்களுக்கு நாலு மணி நேரமாகத் தோன்றியது.

"முன்னாடியே உங்க நாத்தனாரைக் கொஞ்சம் மேல தள்ளியிருக்கலாமே மேடம், இந்த அவஸ்தையாவது இருந்திருக்காது" என்றார் இயக்குநர்.

"அப்புறம் ஊருல எல்லாரும் நான் இன்னாரோட நாத்தனார்னு சொல்லிக்கிட்டு வருவாங்க சார்."

மூன்று ஐம்பதுக்கு ஐம்பத்தொன்பது ஆனது. மூன்று ஐம்பத்திரண்டு. அறுபது!

இயக்குநர் கைதட்டினார். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார். அக்கா எழுந்து நின்று, ஸ்வெட்டர் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். சந்தோஷம் பிடிபடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இப்படியொரு நாளை அவர் பார்த்ததில்லை.

போன் அடித்தது.

"அண்ணி! உப்பு ரயில் பாதையைத் தாண்டல அண்ணி! அந்தப் பக்கம் தோண்டலாம், நல்ல தண்ணி வரும். பதினோரு நாள் கணக்கு, ஒரு மணி நேரத்துல!" நாத்தனார் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "அண்ணி... என்னை முன்னாடி விட்டீங்களா?"

"கடைசி ஆளா வந்தேடி. வெளியாள் எல்லாரும் எப்படி வந்தாங்களோ, அப்படியேதான் நீயும் வந்தே."



"ரொம்பப் பெருமையா இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார்.