அலமேலுவின் லேப்டாப்பில் வைஃபை வராத நாள்

அலமேலு போன் செய்தால் முதலில் காற்றுதான் கேட்கும். பாறை மேல் அடிக்கிற காற்று... உய்யென்று காதை அடைக்கும். அதற்குப் பின்னால் மூச்சிரைப்பு. அப்புறம்தான் அவள் குரல்.

"நசீ, கேக்குதாடி? எழுதிக்கினு வந்துட்டேன். படிக்கறேன், நீ பாரு."

கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டிப் போகணும் அவள் ஊருக்கு. நான் கள்ளக்குறிச்சி டவுன், துணிக்கடைக்காரர் மகள். கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்ச். கம்ப்யூட்டர் சயின்ஸ்.

அவளிடம் இருந்தது யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப். விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். "விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா பறக்கும்டி" என்று சொன்னது நான்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பென்டிரைவ் செருகிப் போட்டும் கொடுத்தேன். உண்மையிலேயே பறந்தது. அலமேலு மூடியை மூடி மூடித் திறந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே கொரோனா ஊரடங்கு. பஸ் நின்றுபோனது. அவள் மலையில், நான் கீழே.

ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோதுதான் தெரிந்தது, அவள் லேப்டாப்பில் மைக் வேலை செய்யவில்லை. அவள் பேசினால் யாருக்கும் கேட்காது. லினக்ஸ் போடுவதற்கு முன்னால் நன்றாக வேலை செய்த மைக்.

அவள் வீட்டில் கரன்ட் உண்டு, சிக்னல் இல்லை. பாறையில் சிக்னல் உண்டு, கரன்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியோ அரை மணி நேரம்தான் தாங்கும். அதை வகுப்புக்கென்று சேமித்து வைப்பாள். அதனால் மைக்கைச் சரிசெய்ய அடிக்கவேண்டிய கமாண்டை நான் போனில் சொல்வேன். எழுதிக்கொண்டு வீட்டுக்கு இறங்குவாள். அடித்துப் பார்ப்பாள். போன் கேமரா பழுது என்பதால், திரையில் வந்ததை எழுத்து பிசகாமல் நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடி பாறை ஏறுவாள்.

"எஸ், என், டி... அப்புறம் ஒரு கீழ்க்கோடு..."

"கீழ்க்கோடா, நடுக்கோடா?"

"கீழதான்டி. நல்லா பாத்துத்தான் எழுதனேன்."

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள், ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் மைக் வந்துவிட்டது. "நான் பேசறது எனக்கே கேக்குதுடி" என்றாள்.

படிப்பு முடிகிற நேரத்தில் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ வந்தது. எங்கள் வகுப்பில் முதலில் கூப்பிட்டது அவளைத்தான். அவர்கள் பார்க்கப் பார்க்க புரோகிராம் எழுதணும், அதனால் லேப்டாப் கட்டாயம். பாறையில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட்டில் பேசுவதாக ஏற்பாடு.

முந்தின நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எதுக்கும் ஒருவாட்டி அப்டேட் போட்டுக்கோ, நல்லது" என்றேன்.

போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணி இன்டர்வியூ. ஒன்பதே முக்காலுக்கு போன்.

"வைஃபையே காட்ட மாட்டேங்குது நசீ. அந்தக் குறியே காணோம். இன்னாடி பண்றது?"

அப்டேட்டில் லினக்ஸின் அடிப்படையான கெர்னலே புதிதாக மாறியிருக்கிறது. வைஃபை டிரைவர் அதற்கு ஒத்துப்போகவில்லை. இதெல்லாம் பின்னால் நான் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ரீஸ்டார்ட் பண்ணு என்றேன். பண்ணினாள். இன்னொருமுறை என்றேன். மூன்றாவது முறை அணைந்த லேப்டாப் திரும்ப எழவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

"உடு நசீ" என்றாள். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

கம்பெனிக்கு மெயில் அனுப்பினோம். வேறு தேதி சொல்கிறோம் என்று பதில் வந்தது. தேதி வரவே இல்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, அவள் அப்பா அம்மாவோடு குடகுக்குக் காபி எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டாள். நம்பரும் மாறிவிட்டது.

போன வருடம் பெருநாளுக்கு நான் ஆபீஸில் லீவு போட்டு ஊருக்கு வந்தபோது, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, காலடியில் ஒரு மூட்டை. என்னை முதலில் அடையாளம் கண்டது அவள்தான். வீட்டில் எல்லாரும் எப்படி, கல்யாணம் ஆச்சா என்று பேச்சு எங்கெங்கோ போனது. எனக்கு அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் அப்டேட் போடச் சொல்லாம இருந்திருந்தா..."

"அது அப்பவே சரியாயிடுச்சுடி" என்றாள், குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "மறுநா சார்ஜ் போட்டு ஆன் பண்ணேன். ஆரம்பத்துல ஒரு மெனு வருதுல்ல, அதுல பழைய கெர்னல்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்குப் போயி என்டர் தட்டனேன். வைஃபை வந்துடுச்சு."

யாரும் சொல்லித்தராமல், அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். ஒரே ஒரு நாள் தாமதம்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

வெள்ளிமலை பஸ் வந்தது. மூட்டையை நான் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் குனிந்து சொன்னாள், "இப்ப எங்கூர்ல டவர் வந்துடுச்சு, தெரியுமா? வூட்டுக்குள்ளயே நாலு கோடு காட்டுதாம். நான்தான் அங்க இருக்கறதில்ல. கோயில் விசேஷத்துக்கு வந்தேன், திங்கக்கிழமை எஸ்டேட்டுக்குக் கிளம்பணும்."

போன மாதம் ஆபீஸ் லேப்டாப்பில் புதிதாக லினக்ஸ் போட்டேன். இருபது நிமிடம் ஆனது. மைக், வைஃபை, ப்ளூடூத், எல்லாம் தானாகவே வந்துவிட்டன. ஒரு கமாண்ட்கூட அடிக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர், "பரவால்லயே, இப்பல்லாம் ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார்.

ஆமாம் என்றேன்... இந்த நாற்காலியில் அலமேலு உட்கார்ந்திருக்கணும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?