அலம்பின டம்ளர்

எங்கள் மயிலாப்பூர் தெருவில் வாந்திபேதி வந்த கோடையில் எனக்குப் பத்தொன்பது வயது, என் பெண்ணுக்கு மூன்று. கோடி வீட்டில் காலையில் கோலம் போட்டவள் மறுநாள் காலையில் இல்லை. வியாதியின் பெயரைச் சொல்லவே எல்லோரும் பயந்தோம்.

குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டேன். தவலை நிறையத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற்றி, மூடி, யாரையும் கிட்டே விடாமல் காவல் இருந்தேன். வீட்டில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும், எனக்கு என் குழந்தைதான் பெரிசு.

அப்படியும் ஒரு நாள் விடிந்ததும் குழந்தைக்குப் பேதி கண்டது. அரிசி கழுவின தண்ணீராகப் போயிற்று. உச்சிவேளைக்குள் கண்கள் உள்ளே போய், விரல்நுனிகள் சுருங்கிவிட்டன. அழுதாள், சத்தமும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை.

டாக்டர் வந்து அவள் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

"கிருமி குடல்ல உக்காந்துண்டு விஷத்தைக் கக்கறது. உடம்புத் தண்ணியெல்லாம் வெளியில போயிண்டிருக்கு" என்றவர், நரம்பில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றத் தொடங்கினார். "கொதிக்க வெச்ச தண்ணிதானே குடுத்தே?"

"சத்தியமா மாமா, வேற தண்ணி குடுக்கலை."

"ஒரு வாய் குடும்மா. நாக்கு நனையட்டும்."

டம்ளரை எடுத்தேன். முற்றத்து வாளியிலிருந்து ஒரு கைத் தண்ணீர் விட்டு அலம்பிக் கொட்டிவிட்டு, ஆறின வெந்நீரை ஊற்றினேன். அலம்பாத டம்ளரில் யாராவது தண்ணீர் கொடுப்பார்களா?

"அலம்பினது எந்தத் தண்ணி?" என்றார்.

"கெணத்துத் தண்ணி."

அவர் டம்ளரை வாங்கி முற்றத்தில் கவிழ்த்தார். "இதையும் கொதிக்கிற தண்ணில போட்டு எடு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அந்தக் காய்ச்சாத தண்ணீரில் அலம்பி அலம்பி, ஈரம் சொட்ட, என் கையாலேயே அல்லவா கொடுத்திருக்கிறேன்!

சாயங்காலம் அவள் சத்தம் போட்டு அழுதாள். பிழைத்தாள். எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று வீட்டில் வெகுநாள் பேசினார்கள். டாக்டர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இப்போது அவள் வீட்டுக்குப் போனால், டம்ளரை அலம்பி ஈரத்தோடு தண்ணீர் நீட்டுகிறாள். என்னைப் பார்த்துப் படிந்த பழக்கம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பயந்துகொண்டே வாங்கிக் குடித்துவிடுகிறேன்.