பாசியக்காவும் தெளிந்த குளமும்

பாசியக்காவின் நிஜப்பெயர் எங்களுக்கு மறந்தே போய்விட்டது. ஊர்ச் சாக்கடை மொத்தமும் வந்து சேரும் கழிவுநீர்க் குளத்துக்கு அவள்தான் காவல். நான் அங்கே மோட்டார் போடுகிறவன்.

எங்கள் குளம் பச்சையாக இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. வெயில் பட்டால் பாசி தண்ணீருக்குள் பிராணவாயுவை விடும். அதை வைத்துத்தான் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கழிவைத் தின்று தீர்க்கும். பாசி செத்தால் குளம் நாறும், நாறின தண்ணீர் அப்படியே ஆற்றுக்குப் போகும். ஊரார் கலங்கல் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தால், பாசியக்கா தெளிந்த தண்ணீரைப் பார்த்துச் சுளிப்பாள்.

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. நான் தும்மினால்கூட எதை மறைக்கத் தும்முகிறேன் என்று பார்ப்பாள். வீடுகளின் கழிவுத் தொட்டியை உறிஞ்சி வரும் லாரிகளில் ஒரு பாட்டில் பிடித்து, நிறம் பார்த்து, மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். சாயப்பட்டறைத் தண்ணீரோ ஆசிட்டோ கலந்து வந்தால் பாசிக்கு எமன். ஒரே ஒரு லாரிக்கு மட்டும் விலக்கு. அதை ஓட்டுகிறவர் அவள் புருஷன். வீட்டு மனுஷனைச் சோதிக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அப்படியிருக்க, குளம் திடீரென்று வெளுத்தது. கரையோரத் தரை தெரிகிற அளவுக்குத் தெளிந்தது. கூடவே அழுகின முட்டை வாடை.

“எவனோ விஷத்த ஊத்திட்டான்” என்றாள்.

“வெயில் கொறைஞ்சிருக்கும்க்கா.”

“உனக்கென்ன இவ்வளவு அக்கறை? நீ ஊத்துனியா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவளோடு மனுஷன் பேசுவானா என்று மோட்டார் அறைக்குள் போய்விட்டேன்.

சோதித்த லாரிகளில் கோளாறு இல்லை. சோதிக்காதது ஒன்றுதான். யோசிக்க யோசிக்க அவளுக்கு எல்லாமே பொருந்தியது. புருஷன் கொஞ்ச நாளாகச் சீக்கிரமே கிளம்புகிறார். லாரியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறார். சீட்டுக்குப் புதுத் துணி விரித்திருக்கிறார். கழிவு அள்ளுகிற வண்டிக்கு எதற்கு இந்தச் சிங்காரம்?

மறுநாள் கேட்டில் மறித்துப் பாட்டில் பிடித்தாள். அந்தத் தண்ணீரில் ஒரு தப்பும் இல்லை. உஷாராகிவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“எதுக்கு வண்டிய இப்படிக் கழுவுறீங்க? எந்தப் பட்டறைத் தண்ணிய ஏத்துனீங்க?”

அவர் முகம் கறுத்தது. “ஒண்ணுமில்ல. கேட்டத் திற.”

“மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு? சொல்லுங்க!”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நேரே மேலதிகாரியிடம் போய்த் தன் புருஷன் மேலேயே புகார் கொடுத்தாள். மற்ற டிரைவர்கள் பார்க்க அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மேலதிகாரி அனுப்பி ஆய்வகத்துப் பெண் வந்தாள். ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தாள். கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் உள்ளே துள்ளிக்கொண்டிருந்தன.

“இந்தத் தண்ணிப்பூச்சி ஏகத்துக்குப் பெருகி, பாசிய எல்லாம் தின்னுடுச்சு. விஷம் கலந்திருந்தா முதல்ல இதுங்கதான் செத்திருக்கும்.”

வந்த லாரியை எல்லாம் மோந்தவள், குளத்தில் ஒரு டம்ளர் மொண்டு பார்க்கவில்லை. பெரிய யோக்கியன் மாதிரிப் பேசுகிற நானும் பார்க்கவில்லை.

சேதி தெரிந்து அவள் மகள் கேட்டுக்கே ஓடிவந்தாள். “அப்பாதாம்மா என்னை லாரியில கொண்டுபோய் புது வேலையில விடுறாரு. என் மேல நாத்தம் அடிக்குதுன்னு அங்க மூக்கப் பொத்துனாங்க. அதான் கழுவுனாரு. நமக்குச் சோறு போடுற தொழிலையே கேவலமா நினைக்கிறியான்னு நீ திட்டுவ. உன்கிட்ட சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்.”

பாசியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்காக எனக்கு முதல்முறையாக மனசு வலித்தது.

பூச்சி அடங்கி, குளம் மறுபடி பச்சை கட்டியது. சாவியும் அவர் கைக்குத் திரும்பியது. லாரி வருகிற சத்தம் கேட்டதுமே அக்கா ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தாள்.

“போங்க, போங்க. ஒண்ணும் பாக்க வேணாம்.”

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். தானே குழாயைத் திறந்து, பாட்டிலில் பிடித்து, அவளிடம் நீட்டினார்.

“மோந்து பாத்துட்டுச் சொல்லுங்க மேடம்” என்றார்.