வீடு வரைக்கும் கேட்ட கார் சத்தம்

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நானும் அம்மாவும் சிவகாசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். போனது அப்பாவின் பழைய காரில். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்குமே, அந்தக் கால மாடல். கிரீம் கலர். அப்பா இறந்த பிறகு வாரம் ஒருமுறை தெருமுனை வரை ஓட்டி வந்து நிறுத்துவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப்போவதாகப் பேசி முடித்திருந்தோம். அதற்குள் ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்து கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று அம்மா கேட்டாள். நான் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் பில் போடுகிறவள். தீபாவளி சீசனில் லீவு கிடைப்பது லேசு இல்லை. கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

காரை விற்கலாமா என்று முதலில் தம்பியிடம்தான் கேட்டேன். அவன் சவூதியில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலையில் இருக்கிறான். அப்பா இறந்தது கொரோனா ஊரடங்கு சமயம், விமானமே ஓடவில்லை. வீடியோவில்தான் முகத்தைப் பார்த்தான். அதற்கப்புறமும் ஒவ்வொரு வருஷமும் லீவு தள்ளிக்கொண்டே போனது. கார் விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கக்கூட இல்லை, "வித்துருங்கக்கா" என்று முடித்துவிட்டான். அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. சின்ன வயதில் அந்த காருக்கு அடியிலேயே கிடந்தவன், இப்போது அதை வெறும் இரும்பாக நினைத்துவிட்டான் என்று வருத்தம். போனில் அவன் கூப்பிட்டால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள்.

காரில் ஒரு கோளாறு இருந்தது. விற்பதற்காகப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்த நாளிலிருந்து அது. நன்றாக ஓடும், கொஞ்ச தூரம் போனதும் இருமிக்கொண்டே நின்றுவிடும். சற்று நேரம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பில்டரை மாற்றினார், பெட்ரோல் பம்ப்பையும் பார்த்துவிட்டார். கோளாறு மட்டும் போகவில்லை. அன்றைக்குப் போகும்போதே சாத்தூருக்கு முன்னால் ஒரு தடவை நின்றது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, அதற்கும் போக மனசில்லை போல என்றாள்.

திரும்பும்போது அது நின்ற இடம்தான் மோசம். ஒரு பட்டாசுக் கம்பெனியின் கேட்டுக்கு நேர் எதிரே. நான் இறங்கி போனை எடுப்பதற்குள் வாட்ச்மேன் ஓடி வந்தார். இங்கே போன் எடுக்கக்கூடாது, பானெட்டைத் திறக்கக்கூடாது, ஸ்டார்ட்டரும் அடிக்கக்கூடாது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கனத்த காரை நானும் எழுபது வயது அம்மாவும் எப்படித் தள்ளுவது?

வேலை விடும் நேரம். வேனில் ஏற வந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகிற வேன் அது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களாகவே வந்து பின்னால் கை கொடுத்தார்கள். கழுவியும் போகாத பட்டாசு மருந்து, வெள்ளி நிறத்தில் அவர்கள் விரல் இடுக்குகளில் ஒட்டியிருந்தது. அம்மாவும் இறங்கப் போனாள். ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:

"நீங்க உக்காருங்கம்மா. கோயிலுக்குப் போய்ட்டு வந்திருக்கீக, ஒங்களத் தள்ளவிட்டா ஆத்தா எங்களத்தான் கேப்பா."

சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். நான் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடந்தேன். கம்பெனிக் காம்பவுண்டெல்லாம் தாண்டி, வெறும் கரிசல் காடாக இருந்த இடத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். ஒரு பெண் தன் தண்ணீர் பாட்டிலை அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். வேன் ஹாரன் அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். ஒருத்தி பேரைக்கூட நான் கேட்கவில்லை.

சற்று நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், அன்று பிடிக்கவே இல்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் தம்பியைக் கூப்பிட்டேன். அவனுக்கு அன்று விடுமுறை நாள், ரூமில்தான் இருந்தான். நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னான். பிறகு இன்ஜின் நன்றாக ஆறட்டும், அதுவரை எதையும் தொடாதே என்றான். அம்மா மரத்தடியில் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சூடு ஆறியதும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரும் ட்யூப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடச் சொன்னான். அந்தப் பெண் கொடுத்த தண்ணீரைக் குடித்துக் காலிசெய்து, அந்த பாட்டிலையே பிடித்தேன். யாராவது ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டுமே? போனை ஸ்பீக்கரில் போட்டு பானெட் ஓரத்தில் வைத்திருந்தேன். அதிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"எம்மா, நீ போய் டிரைவர் சீட்டுல உக்காரு."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்த காரில் ஆயுசு முழுக்க இடது பக்க சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவள். எழுந்து வந்து வலது பக்கம் ஏறினாள். கியர் நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன். அவன் சொன்னபடி சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது. ட்யூப்பில் பெட்ரோல் பீய்ச்சி அடிக்க வேண்டுமாம். சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது.

அதைச் சொன்னதும், அப்படியானால் கார்புரேட்டர் மேல் தப்பே இல்லை, அதற்குப் பெட்ரோலே வந்து சேரவில்லை என்றான். வழியில் எங்கோ அடைக்கிறது. பிறகு கேட்டான்.

"டேங்க் மூடி பழசுதான, இல்ல மாத்துனீகளா?"

பழைய மூடி துருப்பிடித்து அசிங்கமாக இருந்ததால், பாலிஷ் போடும்போது சாவி வைத்த புது மூடியாக மாற்றியிருந்தேன். இந்த காருக்கென்றே செய்தது இல்லை, அளவு சரியாக இருந்தது என்று வாங்கியது. அதை இப்போது திற, திறக்கும்போது காதை வைத்துக் கேள் என்றான். மூடியைத் திருகியதும் 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது டேங்க். யாரோ மூச்சை அடக்கி வைத்திருந்து விட்டது போல. போனிலேயே அவனுக்குக் கேட்டுவிட்டது.

அப்புறம்தான் விளக்கினான். பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய மூடியில் அதற்குச் சின்னதாக ஓர் ஓட்டை உண்டு. புது மூடியில் இல்லை. காற்று வர வழியில்லாததால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வரவில்லை. சும்மா நிறுத்தியிருக்கும்போது எங்காவது இடுக்கு வழியாகக் காற்று மெல்ல நுழைந்துவிடும், அதனால் மறுபடி ஓடும்; அன்றைக்கு நெடுந்தூரம் ஓடியதில் அந்தக் காற்று போதவில்லை. பாலிஷ் போட்ட நாளிலிருந்து கோளாறு என்று நானே சொன்னதால்தான் அவனுக்கு மூடி ஞாபகம் வந்ததாம்.

மறுபடி அம்மாவைச் சாவி திருப்பச் சொன்னான். இந்தத் தடவை பாட்டிலுக்குள் பெட்ரோல் பீய்ச்சியது. ட்யூப்பை மாட்டினேன். சிந்தியதைத் துணியால் துடைத்துக் காயவிட்டேன். இனி ஸ்டார்ட் செய்ய வேண்டியதுதான். ஆனால் பேட்டரி களைத்துப்போயிருந்தது. ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் தாங்கும். அம்மா இறங்கி, நான் உட்காரப் போகும்போது அவன் தயங்கிக் கேட்டான்.

"எம்மா, நின்ன வண்டிய எடுக்கைல அப்பா ஆக்ஸிலேட்டர எப்படி மிதிப்பாரு? எனக்கு மறந்துபோச்சு."

அவனுக்கு அது உண்மையிலேயே மறந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா போனைக் கையில் எடுத்தாள்.

"பாதி வரைக்கும் மிதிச்சு, அப்பிடியே வச்சுக்கிருவாரு. பிடிச்சதும் காலச் சட்டுனு எடுக்க மாட்டாரு. மெதுவாத்தான் விடுவாரு, தூங்குற பிள்ளைய இறக்கி விடுற மாதிரி."

அவள் சொன்ன மாதிரியே செய்தேன். இருமியது, திணறியது, பிடித்துக்கொண்டது. காலை மெல்ல விட்டேன். கார் அதன் பழைய தாளத்தில் ஓட ஆரம்பித்தது. சந்தோஷத்தில் நான் என்னென்னவோ சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அம்மா ஹலோ ஹலோ என்றாள்.

"இருக்கேம்மா. போன வைக்காதீங்க. வீடு வரைக்கும் அப்பிடியே வச்சிருங்க, கேட்டுக்கிட்டு வாரேன்."

மூடியை லேசாக மட்டும் திருகிவிட்டுக் கிளம்பினோம். அம்மா போனை டேஷ்போர்டு மேல் ஒரு கையால் பிடித்தபடியே வந்தாள். செகண்டுக்கு மாற்றும்போது கியர் ஒரு முனகல் முனகும். அங்கே அவன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. ரயில்வே கேட்டில் நின்றோம். அப்போதுதான் பேசினான். அந்த கார் வாசலில் நிற்கிறது என்ற நினைப்பு வந்தாலே அங்கே வேலை ஓடுவதில்லையாம். எப்போது ஊருக்குப் போய் அதை எடுத்து ஓட்டுவோம் என்றே இருக்குமாம். அதனால்தான் விற்கச் சொன்னானாம். அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் ஏற்றும்போது ரிவர்ஸில் இன்ஜின் சத்தம் மாறும். அதையும் கேட்டுவிட்டு வைக்கிறேன் என்றான். ஏற்றி, ஆப் பண்ணினேன். திடீரென்று தெரு முழுக்க அமைதியானது போல இருந்தது.

அம்மா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "வந்துட்டோம்யா. நீ எப்பய்யா வருவே?" என்றாள். அத்தனை வருஷத்தில் அதை அவள் அவனிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. தை மாசத்துக்கு லீவு கேட்டிருக்கேம்மா என்றான்.

அப்போதும், வேண்டாம் என்றால் விற்க வேண்டாம்டா என்று நான் சொல்லிப் பார்த்தேன். பேசியது பேசியதுதான், மூடி விஷயத்தை மட்டும் வாங்குகிறவரிடம் மறக்காமல் சொல்லிவிடு என்றான். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர் வந்தார், சொன்னேன், எடுத்துப்போனார்.

தை மாதமும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் அவன் கூப்பிட்டால் அம்மா போனை என்னிடம் தருவதே இல்லை. அவன் பேசும்போது பால்காரர் மணி அடித்தாலும், வேன் ஹாரன் கேட்டாலும், பக்கத்து வீட்டில் சண்டை நடந்தாலும் நான் கதவைச் சாத்துவதில்லை. தூரத்தில் இருக்கிறவன் கேட்க ஏங்குவது நம் நலம் விசாரிப்பை மட்டும் இல்லை, அவன் இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டின் சத்தத்தையும்தான் என்று அந்த ரோட்டில் எனக்குப் புரிந்துபோனது.