பத்து மணியிலிருந்து நாலு மணி வரை வானம்

இன்னிக்கு சேலத்து நண்பர் ஒருத்தர், நான் வாத்தியாரா இருக்கிற இண்டூர் பள்ளிக்கூடத்துக்கு டெலஸ்கோப் கொண்டுவந்தார். பிள்ளைங்களுக்குச் சனியோட வளையத்தைக் காட்டணுமாம்.

ஹெட்மாஸ்டர் ஒத்துக்கலை. "யுத்த காலங்க. ராத்திரி விளக்குக்கு மண்ணெண்ணெய் ஏது? பள்ளிக்கூட நேரத்துலயே காட்டிடுங்க."

பகல்ல சனி ஏது? சரின்னு ஊருக்கு வெளிய வயக்காட்டுப் பக்கம் திருப்பி வெச்சோம். ஹெட்மாஸ்டர்தான் முதல்ல பார்த்தார்.

"என்னங்க, நம்ம கணக்கு வாத்தியார் தலைகீழா ஏர் ஓட்டறாரு?"

"இதுல எல்லாமே தலைகீழாத்தாங்க தெரியும்" என்றார் நண்பர்.

"படுத்த படுக்கையா காய்ச்சல்னு லீவு எழுதியிருக்காரே!"

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. போன மாசம் நான் போட்ட வயித்துவலி லீவு ஞாபகம் வந்ததும் நின்னுடுச்சு.

சாயந்தரம் வாத்தியாருங்க எல்லாரும் ஒரே குரலா சொல்லிட்டோம்: பிள்ளைங்க படிப்புக்கு ராத்திரி வானந்தாங்க நல்லது, மண்ணெண்ணெய் எங்க பொறுப்பு.

உங்க வூட்டுல அரை பாட்டில் இருந்தா சொல்லியனுப்புங்க.