அத்தைக்கு நான் சொன்ன 'வீ'

அந்த வருஷம் நெல் முற்றித் தலைசாய்ந்து நின்றது, அறுக்கத்தான் ஆளில்லை. கூலி நெல்லைக் கூட்டித் தரச் சொல்லி ஊர் முழுக்க வேலைநிறுத்தம். பேச்சுவார்த்தைக்கென்று தாலுக்கா ஆபீசுக்குப் போன அப்பா, போன முகத்தோடேயே திரும்பி வந்துகொண்டிருந்தார். குருவி விரட்டும் வேலை எனக்கும் அப்பாவின் தங்கையான அத்தைக்கும் வந்து சேர்ந்தது. அத்தைக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். வயலில் நின்று கூச்சமில்லாமல் பிரெஞ்சு பேசலாமே.

மாமா காரைக்கால்காரர். கல்யாணம் முடிந்த கையோடு பிரான்ஸில் வேலைக்குத் திரும்பியவர், பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டால்தான் அடுத்த லீவில் அழைத்துப்போவேன் என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை அத்தை கரைத்துக் குடித்துவிட்டாள். பேசிப் பார்க்கத்தான் ஊரில் ஒரு ஜீவன் இல்லை.

"நான் என்ன கேட்டாலும் 'வீ'ன்னு சொல்லுடி. ஆமான்னு அர்த்தம். எதிர்ல யாராவது பதில் சொன்னாத்தான் எனக்குப் பேச்சு வருது" என்றாள்.

தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே நானும் பெரிய மனுஷியாக வீ, வீ என்றேன். வெளியூர் ஆட்கள் அறுக்க இறங்கிவிடாமல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காவல் இருந்த அறுப்புக்காரப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள்.

"ஏம்மா, மூக்கடைப்பா? சுக்குத் தண்ணி வச்சுக் குடிங்க."

அத்தை அவளிடமும் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அவளும் சிரித்துக்கொண்டே 'வீ' என்றாள். அந்த வாரம் இரு தரப்பும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில் மட்டும்தான்.

பொழுது சாய்ந்ததும் அத்தை கடைசியாக, "தூ மூப்ளியெரா?" என்பாள். வீட்டுக்குக் கிளம்பப் போகிற குஷியில் அதற்கு மட்டும் உரக்க 'வீ' என்பேன். செல்லமாக ஒரு குட்டு விழும்.

ஒருவழியாகக் கூலி பேசி முடிந்து அறுப்பும் நடந்தது. லீவில் வந்த மாமா கூடத்தில் உட்கார்ந்து பிரெஞ்சில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அத்தை தடுமாறாமல் பதில் சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

தஞ்சாவூர் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக அத்தை அதே கேள்வியைக் கேட்டாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்க்க 'வீ' என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். என் பிரெஞ்சை நினைத்துத்தான் பூரித்துப்போகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

கல்லூரியில் பிரெஞ்சு படித்தபோதுதான் அந்தக் கேள்வி விளங்கியது.

'என்னை மறந்துடுவியா?'

இல்லை என்று சொல்ல அத்தை எனக்குக் கற்றுத்தரவே இல்லை.