வெற்றிலை வாங்காத வீரன்

எண்பதுகளில் பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு, லண்டனில் படித்த அவர் தம்பி ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, காட்டையும் குகையையும் கற்பனையிலேயே கடக்க வேண்டும். கதையை நடத்துபவர் கிராணி. நான் வாள்வீரன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரஸ்ஸர் திருடன். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

மருத்துவனாக ஆடிய லோரி டிரைவர் திரிங்காப்புக்கு வேலை மாறிப் போனதும், அந்தப் பாத்திரமும் என் தலையில் விழுந்தது. வாரா வாரம் என் வீட்டில்தான் ஆட்டம்; இரண்டு நாற்காலி போட்டு மாறி மாறி உட்கார்ந்து ஆடினேன். முதல் வாரமே, புதையலைப் பிரிக்கும்போது வீரன் வெள்ளிக் கிண்ணத்தை அமுக்கிக்கொண்டான். உடனே மருத்துவன் நாற்காலிக்குத் தாவி அவனைத் திட்டினேன். சூடு ஏறியதில் வீரனின் அம்மாவையும் இழுத்துவிட்டேன். டிரஸ்ஸர் காதைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் வீரனைப் பாம்பு கடித்தது. விஷமுறிவு மருந்து மருத்துவன் பையில் இருந்தது. வேலை சுலபம் என்று நினைத்தேன். கிராணி ஒத்துக்கொள்ளவில்லை.

"அம்மாவ பேசுன ஆளு கையால மருந்து வாங்கிக் குடிப்பானா வாத்தியாரே? முடியாது லா."

டிரஸ்ஸரும் அதையே சொன்னார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு விட்டுப்போனவர்கள் ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நடுவில் ஆள் வைத்து வெற்றிலை பாக்கு கொடுத்து வாங்கினால்தான் சமாதானம். வீரனை நான் ஒரு வருடமாக வளர்த்து வந்தேன். அவனைச் சாகவிட எனக்கு மனமே இல்லை.

மனைவி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மருத்துவனாகப் பணிவோடு தட்டை நீட்டினேன். டிரஸ்ஸர் நடுவராக அதை வாங்கிக்கொள்ள, நான் ஓடிப்போய் வீரன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கோபம் வந்துவிட்டது. பெற்றவளைப் பேசியவன் இவன்தானே? கை நீளவே இல்லை. கிராணி கெஞ்சினார், டிரஸ்ஸர் அதட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பகடை உருண்டது, வீரன் போய்ச் சேர்ந்தான்.

அநியாயமாகப் போய்விட்டானே என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட நீங்களே எறங்கி வர மாட்டேங்கறீங்க. நான் கல்யாணம் ஆனதுல இருந்து காத்துக்கிட்டு இருக்கேன்."

கிராணியும் டிரஸ்ஸரும் உடனே குனிந்து பகடையைத் தேடினார்கள். அது மேசைமேல்தான் கிடந்தது.